இறங்கி வந்த அறை

மார்ச் 4, செவ்வாய்

படிக்கட்டு எழுந்து நின்றுவிட்டது.

மேடையின் நடுவில், எந்தச் சுவரிலும் சாய்ந்துகொள்ளாமல், ஒரே மூச்சில் மேலே ஏறிப் போகிறது. அடியில் அகலம், போகப் போக ஒடுக்கம். அதனால் இருப்பதைவிட உயரமாகத் தெரிகிறது. உச்சியில் ஒரு சின்ன அறை, மூடிய கதவு. தச்சர் கைப்பிடியில் கடைசி ஆணியை அறைந்துவிட்டுக் கீழே வந்து, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து பார்த்தார். எதைக் கேட்டாலும் முதலில் "நடக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார் என்பதால் எங்கள் குழுவில் அவருக்கு நடக்காதண்ணன் என்றே பெயர். அவரே இன்று வாயைத் திறக்கவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரும் தரப்போவதில்லை.

நாடகத்தின் கதை சின்னது. வீட்டை விட்டுப் போய்விட்ட மகனின் அறையை ஒரு தாய் திறப்பதே இல்லை. நாடகம் முழுக்கக் கீழேயே இருக்கிறாள். சமைக்கிறாள், சண்டை போடுகிறாள், வந்தவர்களைச் சிரிக்கவைத்து அனுப்புகிறாள். கடைசிக் காட்சியில்தான் படியேறிப் போய் அந்தக் கதவைத் திறக்கிறாள். அந்த ஏற்றம்தான் நாடகமே.

இயக்குநர் படியைச் சுற்றிச் சுற்றி வந்தார். என்னைவிட ரொம்பச் சின்னவர். பத்து நாடகம் போட்டவர் மாதிரிப் பேசுவார், இது மூன்றாவது. "அக்கா, இதைப் பார்த்துட்டு ஜனங்க வசனத்தைக் கேக்கவே மாட்டாங்க போல" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது. நான் இதுவரை செய்ததிலேயே இதுதான் நல்ல வேலை. இங்கே மட்டும் எழுதிவைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் சாயம் ஒட்டிய என் விரல் இடுக்குகளைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். ஓவியர் என்றேன். "வீட்டுக்கு வெள்ளை அடிக்கறவங்களா?"

"அதுவும்தான்."

பொய்யில்லை. இந்த மாதம் மட்டும் மூன்று சுவர் அடித்திருக்கிறேன். பிறகு அதே சுவர்களை, இருபது வருடம் ஒரு குடும்பம் சாய்ந்து சாய்ந்து அழுக்கானது போல் ஆக்கியிருக்கிறேன். சுத்தமான சுவரை வரைவது சுலபம். கை பட்டுப் பட்டு மங்கிய சுவரை வரைய, அந்த வீட்டில் எத்தனை உயரத்தில் எத்தனை கைகள் இருந்தன என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஓவியக் கல்லூரியில் ஆசிரியர் ஒருவர் என் படங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எல்லாப் படமும் யாரோ வரப்போறாங்கன்னு காத்துக்கிட்டே இருக்கு. யாருமே வர மாட்டேங்கறாங்க." காலி நாற்காலி, திறந்த கதவு, வெயில் விழுந்த தரை — அப்போது அதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். அழுது தீர்த்தேன். அடுத்த வருடம் ஒரு நாடகத்துக்குப் பின்திரை வரையக் கூப்பிட்டார்கள். நான் செய்த கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தான், உட்கார்ந்தான், தண்ணீர் கேட்டான். என் வாழ்க்கை அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

ஆனாலும் ஓவியக் கூடத்துக்காரர்கள் என்னை நாடகக்காரி என்கிறார்கள். நாடகக்காரர்கள் பெயிண்டரம்மா என்கிறார்கள். இரண்டு வீட்டிலும் நான் விருந்தாளிதான்.

இன்று பெரியம்மா முதன்முதலாகப் படியேறினார். தாயாக நடிப்பவர். அறுபதைத் தாண்டியவர், குழுவில் எல்லோருக்கும் பெரியம்மா. அவர் குரலைத் தாழ்த்தினால் கடைசி வரிசைகூட முன்னால் குனியும். கைப்பிடியைத் தொடாமல் ஏறுங்கள், காற்றில் ஏறுவது போல இருக்கட்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். பாதியில் தொட்டார். நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

நடிப்பில்லை அது.

மார்ச் 12, புதன்

விழுந்துவிட்டார்.

நல்லவேளை, உயரத்தில் இல்லை. நாலைந்து படி ஏறியதும் வலது முழங்கால் மடங்கியது. சத்தம்கூடப் போடவில்லை. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகச் சறுக்கிக் கீழே வந்து, "படி நல்லாத்தான் இருக்கு. காலுதான் வசனத்தை மறந்துடுச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்: நிற்கலாம், தட்டையான தரையில் நடக்கலாம், படி மட்டும் ஆகாது. அறுவைச் சிகிச்சை வரைக்கும் ஆகவே ஆகாது.

சாயங்காலம் இயக்குநர் எங்களைக் கூட்டி உட்காரவைத்தார். "மாத்தித்தான் ஆகணும். இன்னொரு நடிகைகிட்ட பேசியிருக்கேன். வயசு கம்மிதான், நரைமுடி வெச்சுச் சமாளிச்சுடலாம். படிக்கட்ட விட முடியாது. அதுதான் நம்ம நாடகம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

ஏன் எனக்கு வாயடைச்சுப் போச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. படியை நான்தானே கட்டினேன்? உள்ளுக்குள்ளே ஒரு மூலையில நிம்மதியா இருந்துச்சு, என் படிக்கட்டு தப்பிச்சுதேன்னு — சே. இதைப் போய் எழுதறேன் பாரு.

மார்ச் 13, வியாழன்

படிக்கட்டு ரொம்ப அழகாக இருக்கிறது. இன்று அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 15, சனி

பெரியம்மா வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, எதிரே ஒரு முக்காலி, அதில் தலையணை, தலையணையில் கால். கையில் நாடகப் பிரதி. இன்னும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்! விஷயம் தெரியாதோ என்று எனக்குப் பக்கென்றது.

"தெரியும்டி. அந்த டைரக்டர் பையன் போன்ல சொல்லிட்டு அழுதான். நான்தான் அவனைத் தேத்தினேன்."

"அப்புறம் எதுக்குப் படிக்கறீங்க?"

"படிக்காம? முடிவு என்னாகுதுன்னு தெரிய வேணாமா?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு நான் மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். படிகளைத் தாழ்வாக்கிவிடலாம், நாலே படி, அகலமாக, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வசதியாக. கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"நல்லா கேட்டுக்கோ. எனக்கு வயசாகலை, மூட்டுக்குத்தான் வயசாச்சு. எனக்குப் பாவம் பாத்து நீ மேடையைக் குள்ளமாக்கினா நான் அதுல நிக்க மாட்டேன். உயரமா ஒண்ணு கட்டின. அதைவிட உயரமா கட்டறதுன்னா கூப்பிடு, ஊர்ந்தாவது வர்றேன். இல்லேன்னா அந்தப் பொண்ணையே ஏறச் சொல்லு."

வாசல் வரை அவரால் வர முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "கதவை நல்லா இழுத்துச் சாத்து, காத்துக்குத் திறந்துக்கும்" என்றார். அந்த ஒரு வரியை அந்தக் குரலில் இன்னொரு நடிகையால் சொல்ல முடியுமா? நரைமுடி வைத்தால் வந்துவிடுமா அது?

மார்ச் 17, திங்கள்

பல்லைக் கடித்துக் கடித்து, பல்லில் அடைத்திருந்தது பெயர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் பல் மருத்துவராக இருப்பதில் ஒரே லாபம், வரிசையில் நிற்க வேண்டாம். அப்படித்தான் நினைத்தேன். "நோயாளிங்க எல்லாம் போகட்டும், உனக்கு அப்புறம்" என்று மூலையில் உட்காரவைத்துவிட்டார்.

எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா. பல் பார்க்கும் நாற்காலி உயர்ந்து நின்றது. அந்த அம்மா அதை அண்ணாந்து பார்த்து மிரண்டார். "இதுல எப்படிப்பா ஏறுவேன்?"

இவர் காலால் ஒரு பெடலை அழுத்தினார். "நீங்க எதுக்கும்மா ஏறணும்? அப்படியே நில்லுங்க. அது இறங்கி வரும்."

நாற்காலி முனகிக்கொண்டே இறங்கி வந்தது. அந்த அம்மா மகாராணி மாதிரி அதில் உட்கார்ந்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். வாயில் ஒரு பக்கம் பஞ்சு. "இறங்கி வரும்" என்று கத்தினேன். பஞ்சோடு என்னவாகக் கேட்டதோ, உதவிக்கு நிற்கும் பெண் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தாள். "என்னம்மா, வலிக்குதா?" என்றார் இவர்.

வலிக்கவில்லை. படியே வேண்டாம்! படியே இல்லாத வீட்டில், மேலே, அந்தரத்தில் ஓர் அறை. போக வழியே இல்லை. நாடகம் முழுக்க அவள் தலைக்கு மேல் அது தொங்கிக்கொண்டிருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கடைசியில் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். முதல்முறையாக. அப்போது அது இறங்கி வரும்.

படிக்கட்டைவிட உயரமானது இது. பாவம் பார்த்துச் செய்தது இல்லை. இதுதான் முதலிலேயே தோன்றியிருக்க வேண்டியது.

பல்லை அடைக்காமலேயே வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

இயக்குநரிடம் சொன்னேன்.

"அக்கா, படிக்கட்டு உங்க வேலைகள்லயே உச்சம். அதையா எடுக்கச் சொல்றீங்க?"

"ஆமா. அதைத்தான்."

"பெரியம்மாவுக்காகவா?"

"அவங்களாலன்னு வேணா சொல்லு. அவங்களுக்காக இல்லை."

தச்சரைப் பார்த்தோம். அவர் மேலே உத்தரத்தைப் பார்த்தார், கப்பிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நடக்காது" என்றார். எனக்கு உயிர் வந்தது. செய்யப்போகிறார்!

மார்ச் 21, வெள்ளி

படிக்கட்டைப் பிரித்தோம். ஒவ்வொரு படியும் கழன்று வரும்போது என் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது போலிருந்தது. நானே திருப்புளியை எடுத்துக்கொண்டு முதல் படியைக் கழற்றினேன். வேறு யாராவது தொடங்கியிருந்தால் தடுத்திருப்பேன்.

மேடை வெறிச்சென்று ஆனது. நல்ல வெறுமை. எனக்குப் பழக்கமான வெறுமை.

மார்ச் 24, திங்கள்

எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

இன்று அறையை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். பலகைச் சுவர், நிஜக் கட்டில், நிஜ மேசை, ஜன்னல் சட்டம். ஏறும்போது ஒழுங்காக ஏறியது. இறங்கும்போது ஒரு கயிறு கப்பியில் சிக்கியது. அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேசை வழுக்கிக்கொண்டு வந்து சுவரில் மோதியது. ஜன்னல் சட்டம் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்து சிதறியது, பெரியம்மா நிற்க வேண்டிய இடத்தில்.

மேடையில் யாரும் இல்லை. யாருமே இல்லை. அது தெரியும். ஆனாலும் எனக்கு இன்னும் அந்தச் சத்தம் காதிலேயே இருக்குது. அங்க அவங்க நின்னிருந்தா? நான் என்ன பண்ணிட்டிருக்கேன்? அழகு அழகுன்னு ஒரு மனுஷியோட தலைக்கு மேல ஒரு வீட்டைத் தொங்கவிடறேனே!

இயக்குநர் முகத்தில் ரத்தமே இல்லை. "வேணாங்கா. கடைசிக் காட்சியை வசனமா மாத்திடறேன். அவங்க கீழே நின்னு பேசட்டும். அறையே வேணாம்."

வசனமா! வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினேன். வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். "எடை ஜாஸ்தியா?"

"ஆமா."

"எதை எடுக்கலாம்?"

"எதையும் எடுக்க முடியாது. கட்டில் இல்லாத அறை என்ன அறை?"

அவர் துண்டை நீட்டினார். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கட்டிலை எடுக்க வேண்டாம். வரையலாமே! நான் ஓவியர். எத்தனை வருடம் ஆனாலும் இது எனக்குக் கடைசியாகத்தான் ஞாபகம் வருகிறது.

மார்ச் 25, செவ்வாய்

மெல்லிய மல் துணி. மூங்கில் சட்டம். சுவர், கட்டில், மேசை, ஜன்னல் எல்லாமே துணியில் தீட்டிய ஓவியம். இயக்குநர் இன்னும் ஒரு வாரம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தச்சர் "நடக்காது" என்றுவிட்டு மூங்கில் வாங்கப் போனார்.

மார்ச் 28, வெள்ளி

நாள் முழுக்கத் தரையில் மண்டியிட்டு வரைகிறேன். துணி பட்டறையின் தரை முழுதும் விரிந்துகிடக்கிறது. சொரசொரப்பே இல்லாத துணி. சாயம் கொஞ்சம் தடித்தால் விறைத்துப்போகும், மெலிந்தால் ஓடிவிடும். மேடைக்கு வரைவதில் இன்னொரு கஷ்டம், கிட்டே பார்த்தால் அழகாக இருக்கும் கோடு தூரத்தில் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு கோட்டையும் போட்டுவிட்டு ஏணியில் ஏறிப் பார்க்கிறேன். இறங்கித் திருத்துகிறேன். மறுபடி ஏறுகிறேன்.

நிழலுக்குக் கறுப்பு தொடவே இல்லை. நீலத்தில் கொஞ்சம் செம்மண் நிறம். மஞ்சள் விளக்கு பட்டதும் அதுதான் நிழலாக மாறும். கறுப்பு வைத்தால் ஓட்டையாகத் தெரியும்.

பெரியம்மா ஊன்றுகோலோடு வந்துவிட்டார். "நான் குடியிருக்கப்போற வீடு, பாக்க வேணாமா?" நாற்காலி போட்டுக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் ஒரு சட்டையை அப்போது தீட்டிக்கொண்டிருந்தேன். மாதிரிக்கு வீட்டுக்காரருடைய பழைய சட்டையைத்தான் கொண்டுவந்து மாட்டியிருக்கிறேன். காலையில் அலமாரி முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார், பாவம்.

"காலர் ஏன் ஒரு பக்கம் மடங்கியிருக்கு?" என்றார் பெரியம்மா.

"அவசரமாக் கழட்டி மாட்டிட்டுப் போயிருக்கான்."

"ம்." ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு சொன்னார்: "நான் நடிக்க வந்தப்போ எங்க வீட்ல யாரும் வந்து பாக்கலை. முதல் வரிசையில ஒரு நாற்காலிய காலியா வெச்சுக்கிட்டு நடிப்பேன். யாராவது வந்து உக்காருவாங்கன்னு இல்லை. காலியா இருந்தா நல்லா நடிக்க வரும், அதான்."

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கும் அப்படித்தான் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அவர் என் தரையையும் கட்டிலையும் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கே தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இறங்கியது! நேராக, சத்தமே இல்லாமல், மூச்சு விடுவது போல. ஒரு கையால் தாங்கலாம், அவ்வளவு லேசு. விளக்கு போடுபவர் முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டால் சாம்பல் சுவர். பின்னாலிருந்து விட்டால் சுவர் கரைந்து உள்ளே அறை தெரிகிறது. நாங்கள் எல்லோரும் கைதட்டிச் சத்தம் போட்டோம்.

தச்சர் மட்டும், "இன்னைக்கு நடந்துடுச்சு. நாளைக்கு நடக்காது" என்றார்.

ஏப்ரல் 5, சனி

நேற்று அரங்கேற்றம். காலை வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும்.

அரங்கம் நிறைந்திருந்தது. நான் எப்போதும் போலக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இவர் உட்கார இடமிருந்தும் என்னோடு நின்றார். திரை விலகியதும் ஒரு முணுமுணுப்பு. எல்லோர் தலையும் நிமிர்ந்தது. கீழே ஒரு வீடு, மேலே அந்தரத்தில் ஒரு சாம்பல் பெட்டி. "அது எதுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிட்டார்கள். பெரியம்மா மறக்கவைத்தார். சிரித்துச் சிரித்து ஒருவர் இருமலில் மாட்டிக்கொண்டார்.

கடைசிக் காட்சி. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவள் மேசையைத் துடைக்கிறாள். துடைத்துக்கொண்டே நிற்கிறாள். துணியைக் கீழே வைக்கிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள்.

இறங்கத் தொடங்கியது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் உள்ளங்கையும் ஈரம். வெளிச்சம் பின்னால் போனது. சுவர் கரைந்தது. கட்டில், மேசை, ஜன்னல், அந்தச் சட்டை. அறை அவள் முன்னால் தரையைத் தொட்டு நின்றது. ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

கதவைத் தொட்டுவிட்டு நிற்க வேண்டும், விளக்கு அணையும். ஒத்திகையில் அதுதான். ஆனால் பெரியம்மா கதவைத் தொடவில்லை. நேரே சட்டையிடம் போனார். துணியில் வரைந்த சட்டை. அது சட்டை இல்லை என்று அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் கையை நீட்டி, மடங்கியிருந்த காலரை நிமிர்த்தி விட்டார். நீவி விட்டார். "நல்ல சட்டையை இப்படியா போட்டு வைக்கிறது" என்றார். பிரதியில் இல்லாத வசனம்.

நான் வரைந்த காலர் நிமிர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

விளக்கு அணைந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. போச்சு என்று நினைத்தேன். பிறகு எங்கேயோ ஒருவர் விசும்பும் சத்தம். அதன்பின் கூரை இடிந்து விழுவது போலக் கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். தட்டிக்கொண்டே இருந்தார்கள். பெரியம்மா ஊன்றுகோல் இல்லாமல் மேடையின் விளிம்புவரை நடந்து வந்தார். வணங்கவில்லை. கையை நீட்டிப் பின்வரிசையைக் காட்டினார். என்னை. "இங்க வாடி!" என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில், சமையலறையிலிருந்து கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

போனேன். விரலெல்லாம் சாயம். எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்து, காதில், "உயரமாத்தான் கட்டியிருக்கே" என்றார்.

இயக்குநர் குழந்தை மாதிரி அழுதார். தச்சர் கப்பியை விட்டு நகராமல் அங்கிருந்தே கையை மட்டும் ஆட்டினார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒரு வாரம் போடுவதாக இருந்த நாடகம் இன்னும் அரங்கம் நிறைய ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியம்மா அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டதற்கு மருத்துவர் திட்ட வந்தார்; நாடகம் பார்த்துவிட்டுத் திட்டாமல் போனார்.

நேற்றைய காட்சி முடிந்ததும் ஓவியக் கூடம் நடத்தும் ஓர் அம்மாள் மேடைக்கு வந்தார். பல வருடங்களுக்கு முன் என் படங்களைத் திருப்பி அனுப்பியவர்தான். அவருக்கு நினைவில்லை, எனக்கு இருக்கிறது. துணியை நெருங்கி வந்து, வெறும் கறைகளும் கோடுகளுமாகப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு பின்னால் நடந்தார். இன்னும் பின்னால். நாலாவது வரிசையில் நின்று, "ஐயோ" என்றார்.

"இதை என் கூடத்துல மாட்டணும். ஆனா அங்க இவ்வளவு தூரம் தள்ளி நிக்க இடமில்லையே."

"அப்ப சுவரை இடிங்க" என்றேன். விளையாட்டாகத்தான். அவர் யோசித்தார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இடித்துவிட்டார்!

ஜூன் 10, செவ்வாய்

பெரியம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நர்ஸுகளை மிரட்டிக்கொண்டிருக்கிறார்.

காலையில் ரயிலேறி, என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்த ஒரு பெரிய நாடகக் குழுவின் அரங்கத்துக்கு வந்தேன். பிரம்மாண்டமான மேடை, ஒரு சாமான் இல்லை. அந்தக் குழுவின் எழுத்தாளர் எனக்காகக் காத்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து பேசினோம். பிரதியைக் கொடுங்கள், படித்துவிட்டு வரையத் தொடங்குகிறேன் என்றேன். அப்படித்தானே எப்போதும்.

அவர் வெறுங்கையை விரித்துக் காட்டினார். "இன்னும் ஒரு வரிகூட எழுதலை. நீங்க முதல்ல ஒரு இடம் பண்ணுங்க. அதுக்குள்ள யார் வருவாங்கன்னு பாத்துட்டு நான் எழுதறேன்."

அவர் டீ வாங்கப் போனார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி, நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, குனிந்து, முதல் கோட்டைப் போட்டேன்.